மறந்துபோன கதிர்க்கட்டு

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாரத்துக்கு ஒன்றாவது வந்து விழும். வாசலில் சாணி தெளிப்பது கிருமியைக் கொல்லவாம். கோயில் மணியோசை மூளையின் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் தட்டி எழுப்புமாம். செத்த வீட்டுக்குப் போய் வந்து முழுகுவது தொற்றுநோய்க்கு அஞ்சியாம். கடைசியில் தவறாமல் ஒரு வரி: நம் முன்னோர் முட்டாள்கள் இல்லை. முட்டாள்கள் என்று ஆர் சொன்னது? அம்மம்மா முழுகினபோது அவவுக்குக் கிருமியைப் பற்றி ஒரு கவலையும் இருக்கவில்லை. இருந்திருந்தால் எங்கள் வளவுக் கிணற்றுப் பக்கமே போயிருக்கமாட்டா.

இது எங்கள் ஆட்களுக்கு மட்டும் பிடித்த வியாதி என்றிருந்தேன். யூதர்களின் கட்டளைகளையும் சடங்குகளையும் பற்றி வாசிக்கத் தொடங்கிய பிறகு பார்த்தால், அங்கே இந்த வழக்கு நூற்றாண்டுக் கணக்காக நடந்திருக்கிறது. தோராவில், அதாவது பழைய ஏற்பாட்டின் முதல் ஐந்து ஆகமங்களில், 613 கட்டளைகள் இருப்பதாக யூத மரபு கணக்கு வைத்திருக்கிறது. ‘செய்’ என்பவை 248, ‘செய்யாதே’ என்பவை 365. அவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பட்டியல் போட்டவர்களில் பெரிய தலை மைமோனிடிஸ். ஸ்பெயினின் கோர்டோபாவில் பிறந்து, எகிப்தில் சலாஹுத்தீனின் அமைச்சருக்கு வைத்தியம் பார்த்து, 1204இல் காலமானவர். கடவுள் காரணமில்லாமல் ஒன்றும் சொல்லமாட்டார், ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பயன் இருந்தே ஆகவேண்டும் என்பது அவர் கட்சி. வைத்தியர் அல்லவா, பன்றி இறைச்சிக்கு வந்ததும் அது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது, அழுக்கில் புரள்கிற பிராணி என்று எழுதிவிட்டார். ஏறக்குறைய 300 வருடம் கழித்து அபர்பனேல் என்பவர் இதற்குப் பாய்ந்தார். 1492இல் ஸ்பெயின் யூதர்களைத் துரத்தியபோது அவர்களோடு வெளியேறியவர் இவர். தோரா என்ன, கைக்கடக்கமான வைத்தியப் புத்தகமா? எங்களைச் சுற்றியிருக்கிற சனங்கள் பன்றியைத் தின்றுவிட்டு நல்ல சுகமாகத்தானே திரிகிறார்கள் என்று கேட்டார்.

நான் அபர்பனேல் பக்கம். கிருமி, கொழுப்பு, காந்த அலை என்று ஒரு சடங்கைக் காப்பாற்றப் போனால், நாளைக்குச் சவர்க்காரம் அந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்யும், சடங்கு வேலையில்லாமல் நிற்கும். மறுபக்கம், ‘அது ஆன்மாவின் குறியீடு, இது பிரபஞ்சத்தின் குறியீடு’ என்று மேலே மேலே பறக்கிற விளக்கங்களிலும் எனக்கு நாட்டமில்லை. யூதர்களிடமும் அந்த வகை நிறைய உண்டு. 248 என்பது மனித உடம்பின் உறுப்புகளின் எண்ணிக்கை, 365 வருடத்தின் நாட்கள் என்று யூதச் சட்ட அறிஞர்களின் விவாதத் தொகுப்பான தல்மூதிலேயே இருக்கிறது. அழகுதான், ஆனால் அதை வாசித்துவிட்டு நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

நான் இலங்கையின் கிழக்கே அக்கரைப்பற்றுப் பக்கம் ஒரு நெல்லு மில்லில் கணக்கு எழுதுகிறவள். எந்த ஒப்பந்தம் வந்தாலும் முதலாளி தலைப்பைப் பார்ப்பார், நான் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் பார்ப்பேன். ஆருக்கு எவ்வளவு, எப்போது, ஆர் பொறுப்பு என்பதெல்லாம் அங்கேதான் கிடக்கும். யூதச் சட்டத்தையும் அந்தப் பழக்கத்தில்தான் வாசித்தேன். அதன் ஆழம் என்று எனக்குப் பிடிபட்டதெல்லாம் பொடி எழுத்தில் இருந்தவை.

வாசிக்கத் தொடங்கின காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். என் அத்தானுக்குப் பொத்துவில் உல்லையில், வெளிநாட்டுக்காரர் அறுகம்பே என்கிற இடத்தில், சின்னதாக ஒரு கெஸ்ட் ஹவுஸ் இருக்கிறது. சீசனில் இஸ்ரேல் ஆட்கள் நிறைய வருவார்கள். அலைச்சறுக்குப் பலகையோடு வருகிற இளசுகளில் பெரும்பாலானோருக்குத் தங்கள் சட்டமும் தெரியாது, சடங்கும் தேவையில்லை. இறால் பொரியல் வேண்டும் என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். யூதச் சட்டப்படி கடலில் இருப்பவற்றில் செட்டையும் செதிலும் உள்ள மீன் மட்டும்தான் ஆகும். இறால், நண்டு, கணவாய், சுறா எல்லாம் விலக்கு. எங்கள் பக்கத்துச் சுறாப்புட்டு ருசி தெரியாத வாழ்க்கை, பாவம்.

ஒரு சீசனில் நடுத்தர வயதுத் தம்பதி ஒன்று வந்தது. சொந்தத் தாச்சி கொண்டுவந்திருந்தார்கள். முட்டையை அதில்தான் பொரிக்கவேண்டும். நான் அக்காவோடு நிற்கப் போயிருந்த நேரம். வெள்ளிக்கிழமை பொழுதுபட முன்னம் அந்த அம்மா இரண்டு மெழுகுதிரி கொளுத்தி, கண்ணைக் கையால் மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தா. குளியலறை லைட்டைப் போட்டபடியே விட்டிருந்தார்கள். அங்கே வேலைக்கு நிற்கிற பெடியன், கரண்ட் பில்லுக்கு அத்தானிடம் ஏச்சு வாங்கிப் பழகினவன், போய் அதை நிறுத்திவிட்டு வந்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் அந்த மனிசன் வெளியே வந்து நின்றார். ‘உள்ளே ஒரே இருட்டாக இருக்கிறது’ என்றார். பெடியன் மரியாதையாக, ‘சுவிட்ச் கதவுக்குப் பக்கத்தில் இருக்கு சேர்’ என்றான். அவர் தலையாட்டினார். போகவில்லை. இவனும் போகவில்லை. இரண்டு பேரும் நுளம்பு கடிக்கக் கடிக்க நின்றார்கள்.

விசயம் என்னவென்றால், சப்பாத் நாளில், வெள்ளி மாலையிலிருந்து சனி இரவு வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிகிற வரைக்கும், அவர்கள் நெருப்பு மூட்டவோ அணைக்கவோ கூடாது. மின்விளக்கையும் அந்தச் சட்டத்துக்குள்தான் சேர்த்திருக்கிறார்கள். தங்களுக்காக வேறொருவரைச் செய் என்று நேராகக் கேட்கவும் கூடாது. இருட்டாக இருக்கிறது என்று பொதுவாகச் சொல்லி, மற்றவர் தானாக விளங்கிக்கொண்டு போட்டால் பரவாயில்லை என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இதைச் சனி இரவு அந்த அம்மா எனக்கு விளக்கினபோது, கடவுளுக்கு இந்த விளையாட்டுத் தெரியாதா என்று மனதுக்குள் நினைத்தேன். இன்றைக்கும் அந்த இடம் எனக்கு ஒட்டவில்லை.

ஆனால் அதே சனி இரவு அவ இன்னொன்று செய்தா. பெடியனைக் கூப்பிட்டு, ‘உனக்கு எந்த நாள் லீவு?’ என்று கேட்டா. அவன் அத்தானைப் பார்த்தான். அத்தான் கடலைப் பார்த்தார். சீசனில் லீவு என்ற பேச்சே இல்லை. பிறகு யாத்திராகமத்தைத் திறந்து பார்த்தேன். ஓய்வுநாள் கட்டளையில் நீ, உன் மகன், உன் மகள் என்பதோடு நிற்கவில்லை. உன் வேலைக்காரன், வேலைக்காரி, உன் மிருகம், உன் வாசலுக்குள் இருக்கிற அந்நியன் என்று பெயர் சொல்லிப் போகிறது. உபாகமத்தில் மாடும் கழுதையும் தனித்தனியாக வருகின்றன. இந்த ஒரே கட்டளைக்குத் தோராவே இரண்டு காரணம் கொடுக்கிறது என்பதையும் கவனிக்கவேண்டும். யாத்திராகமத்தில், கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தார் என்பது காரணம். உபாகமத்தில், நீ எகிப்தில் அடிமையாக இருந்தாய், அதை மறவாதே என்பது. முதலாவது வானத்தைப் பார்க்கிறது, இரண்டாவது பெடியனைப் பார்க்கிறது. உள்ளர்த்தம் ஒன்றே ஒன்றுதான் என்று அடித்துச் சொல்கிறவர்கள் இந்த இரண்டு பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கலாம்.

அந்த நாளில் விலக்கான வேலைகள் என்று, கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னா 39ஐப் பட்டியல் போடுகிறது. முதல் பதினொன்றும் ஒரு ரொட்டியின் கதை: விதைத்தல், உழுதல், அறுத்தல், கட்டுக் கட்டுதல், சூடு மிதித்தல், தூற்றுதல், பொறுக்குதல், அரைத்தல், அரித்தல், பிசைதல், சுடுதல். மில்லில் மேசைக்கு முன்னால் இருந்து இதை வாசித்தபோது, எங்கள் முற்றத்திலிருந்து குசினி வரைக்கும் ஒரே மூச்சில் நடந்து போன மாதிரி இருந்தது. உயிருக்கு ஆபத்தென்றால் இவ்வளவையும் தூக்கி எறிந்துவிட்டு ஓடலாம், ஓடத்தான் வேண்டும். கட்டளை தந்தது அதனால் வாழ்வதற்கு, சாவதற்கு அல்ல என்பது தல்மூதின் நியாயம்.

சரி, வயலுக்கு வருகிறேன். எனக்கு இந்தச் சட்டங்களில் மிகவும் பிடித்தது அங்கேதான் இருக்கிறது.

அப்பாவுக்குத் தம்பிலுவில் பக்கம் கொஞ்சம் வயல் இருந்தது. பெரிய போடியார் என்று சொல்ல ஏலாது, ஆனால் பெரும்போகம் சரியாக வந்தால் வருடத்துக்குச் சோற்றுக்குக் குறைவில்லை. மெசின் வராத காலம். வெட்டுக்காரர் உப்பட்டி போட்டுக்கொண்டு முன்னால் போக, பின்னால் பொம்பிளைகள், பிள்ளைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, சிந்தின கதிர் பொறுக்கிக்கொண்டு வருவார்கள். சில வயற்காரர் ஏசித் துரத்துவார்கள். அப்பா ஏசமாட்டார். கடைசியில் களத்துக்கு வரச் சொல்லி, ஆளுக்கொரு சுளகு நெல் தன் கையாலேயே போடுவார். நல்ல மனிசன் என்று ஊரில் பெயர். ஆனால் அந்தப் பொம்பிளைகள் வெயிலில் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சீலைத் தலைப்பை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி. சிரித்துக் கதைக்கிறவளுக்குக் கொஞ்சம் கூட விழும். போன போகத்தில் வாய் காட்டினவளுக்குச் சுளகு நிறையாது. சின்ன வயதிலேயே இதெல்லாம் எனக்குத் தெரியும், ஏனென்றால் சுளகைப் பிடிக்கிறது நான்.

லேவியராகமம் சொல்வது இது: உன் வயலின் ஓரத்தை முற்றாக அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே, அதை ஏழைக்கும் அந்நியனுக்கும் விடு. இவ்வளவு வேதத்தில். மிஷ்னா இதற்கு ஒரு முழு நூலையே ஒதுக்குகிறது. ஓரம் என்றால் எவ்வளவு? மேலே எல்லையில்லை, ஆனால் அறுபதில் ஒன்றுக்குக் குறையக்கூடாது. அது வயற்காரன் கொடுக்கிற பிச்சையும் இல்லை, அந்த மூலை ஏழைகளின் சொத்து. இன்னாரைப் பொறுக்க விட்டு இன்னாரை விடாமல் தடுக்கிறவன், அல்லது ஒருத்திக்கு மட்டும் கை கொடுக்கிறவன், ஏழைகளிடம் களவெடுக்கிறவன் என்று எழுதியிருக்கிறது. அப்பாவின் சுளகு அந்த வரியில் மாட்டிக்கொண்டுவிட்டது.

ஏன் வயலின் கடைசி ஓரத்தில் விடவேண்டும், நடுவில் விட்டால் என்ன? யூத குருவான ரபி ஷிமோன் காரணம் அடுக்குகிறார். நடுவில் என்றால் வயற்காரன் தன் சொந்தக்காரனுக்கு இரகசியமாகச் சொல்லிவிடலாம். இன்னொன்று, எப்போது விடுவான் என்று தெரியாமல் ஏழைகள் நாள் முழுக்கக் காத்துக் கிடக்கவேண்டி வரும். கடைசி ஓரம் என்றால் வெட்டு எங்கே நிற்கிறது என்று பார்த்து, வேறு அலுவலை முடித்துக்கொண்டு வரலாம். ஏழைக்கும் சோலி இருக்கும் என்று நினைத்த சட்டம் இது. எங்கள் அரசாங்கக் கச்சேரிகளில் நிவாரணத்துக்கு வரிசையில் நின்ற ஆருக்கும் இதன் அருமை தெரியும்.

ஓரத்தை அரிவாளால் வெட்டக்கூடாது, கையால்தான் பிடுங்கவேண்டும். நெருக்கத்தில் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. ஒரு நாளைக்கு மூன்று வேளை திறந்து விடவேண்டும்: காலையில், நடுப்பகலில், பின்னேரத்தில். காலை பால் கொடுக்கிற தாய்மாருக்கு, பிள்ளை தூங்குகிற நேரத்தில் வந்து போக. நடுப்பகல் சிறுபிள்ளைகளுக்கு. பின்னேரம், மெல்ல மெல்ல நடந்து வருகிற கிழடுகளுக்கு. இதை எழுதினவர்கள் வயலோரத்தில் நின்று பார்க்காமல் எழுதியிருக்கமாட்டார்கள்.

சிந்தின கதிருக்கும் கணக்கு உண்டு. பழைய காலத்து குருமார் இருவர் ஹில்லேலும் ஷம்மாயும், அவர்கள் வழியில் இரண்டு பள்ளி. ஒன்றாக இரண்டு கதிர் விழுந்தால் ஏழைக்கு, மூன்று விழுந்தால் வயற்காரனுக்கு என்பது ஹில்லேல் பள்ளி. ஷம்மாய் பள்ளி மூன்றும் ஏழைக்குத்தான் என்றது. ஷம்மாய் கடுமைக்காரர், ஹில்லேல் இரக்கக்காரர் என்றுதான் எல்லோரும் எழுதுவார்கள். இந்த இடத்தில் கடுமைக்காரர் ஒரு கதிர் கூட விட்டுவிட்டார். எறும்புப் புற்றுக்குள் இருக்கிற தானியம் ஆருக்கு என்று கூடத் தர்க்கம் இருக்கிறது. வெட்டுக்காரர் போன பிறகு, புற்றில் மேலே கிடப்பது ஏழைக்கு, கீழே இருப்பது வயற்காரனுக்கு. ரபி மெயீர் மட்டும் முழுவதையும் ஏழைக்கே கொடு என்கிறார், சந்தேகம் வந்தால் அது ஏழை பக்கம் போகட்டும் என்று. எலிவளை தோண்டி நெல் எடுத்துத் திரிந்த எங்கள் ஊர்ப் பொடியன்களுக்கு ரபி மெயீரைப் பிடித்திருக்கும்.

எல்லாவற்றிலும் என்னை உலுப்பினது மறந்துபோன கட்டு. உபாகமம் சொல்கிறது: வயலில் ஒரு கட்டை மறந்துவிட்டு வந்தால், எடுக்கத் திரும்பிப் போகாதே. அது அந்நியனுக்கும் தகப்பனில்லாத பிள்ளைக்கும் விதவைக்கும். யோசித்துப் பாருங்கள், இந்தக் கட்டளையை நினைத்துச் செய்ய ஏலாது. வேண்டுமென்று ஒரு கட்டை விட்டுவிட்டு வந்தால் அது தானம், வேறு கணக்கு. மெய்யாகவே மறந்தால்தான் இது நிறைவேறும். மிஷ்னாவோடு ஒட்டிய தொகுப்பான தொசெஃப்தாவில் ஒரு பக்திமான் வருகிறார். வயலில் ஒரு கட்டை மறந்துவிட்டார். ஞாபகம் வந்ததும் மகனைக் கூப்பிட்டு, பலி செலுத்த ஏற்பாடு செய், கொண்டாடவேண்டும் என்கிறார். மகன் விளங்காமல் கேட்க, மற்றக் கட்டளையெல்லாம் நாங்கள் நினைத்துச் செய்தோம், இது ஒன்று எங்களை அறியாமல் வந்து சேர்ந்தது என்கிறார். நல்லது செய்யும்போது ‘நான் செய்கிறேன்’ என்ற நினைப்பைக் கழற்றி வைக்க எத்தனையோ பெரியவர்கள் எத்தனையோ வழி சொல்லியிருக்கிறார்கள். மறதியையே கட்டளை ஆக்கினதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சாவு வீட்டுச் சட்டங்களும் இதே கை எழுதினவைதான். அப்பா செத்தபோது வந்த ஒவ்வொருவரும் அம்மாவிடம் முதலில் கேட்டது, ‘எப்பிடி நடந்தது?’ அம்மா காலையில் தேத்தண்ணி குடித்ததிலிருந்து தொடங்கி, கதிரையிலிருந்து சரிந்தது வரைக்கும் சொல்லுவா. அடுத்தவர் வருவார், திரும்பவும் தேத்தண்ணியிலிருந்து. பின்னேரத்துக்கு அம்மாவுக்குத் தொண்டை அடைத்துவிட்டது. யூதர்களின் விதி: துக்கக்காரன் வாய் திறக்கும்வரை போனவர் வாய் திறக்கக்கூடாது. யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் கூட இருந்ததிலிருந்து எடுத்தது. அவன் பேசாவிட்டால் நீயும் இருந்துவிட்டு எழும்பி வா. ஏழு நாள் வீட்டிலேயே, தாழ்வான இருக்கையில் இருப்பார்கள். அடக்கம் முடிந்து வந்து சாப்பிடுகிற முதல் சாப்பாடு தன் வீட்டுச் சாப்பாடாக இருக்கக்கூடாது, அயல் கொண்டுவரவேண்டும். இது எங்களுக்கும் அந்நியமில்லை, செத்த வீட்டில் நாங்களும் அடுப்பு மூட்டுவதில்லை. பருப்பு கொடுக்கிற வழக்கத்துக்கு அவர்கள் சொல்கிற நியாயம், பருப்புக்கு வாய் இல்லை, துக்கக்காரனுக்கும் வாய் இல்லை என்பது.

அந்தச் சாப்பாட்டை எதில் கொண்டுபோவது என்பது வரைக்கும் தல்மூத் போகிறது. முதலில் பணக்கார வீட்டுக்கு வெள்ளிக் கூடையிலும், ஏழை வீட்டுக்குத் தோல் சீவின பிரம்புக் கூடையிலும் கொண்டுபோனார்களாம். ஏழைகள் வெட்கப்பட்டார்கள். எல்லோருக்கும் பிரம்புக் கூடைதான் என்று தீர்த்தார்கள். குடிக்கிற கிளாசிலும் அதே கதை. பணக்காரருக்குத் தெளிந்த கண்ணாடி, ஏழைக்கு நிறக் கண்ணாடி என்றிருந்தது, எல்லோருக்கும் நிறக் கண்ணாடி ஆனது. அடக்கச் செலவு சாவை விடப் பாரமாகி, சொந்தக்காரர் பிணத்தைப் போட்டுவிட்டு ஓடுகிற நிலை வந்தபோது, ரப்பான் கமாலியேல் என்ற பெரிய தலைவர் தன்னைச் சாதாரண லினன் துணியில் கொண்டுபோகச் செய்தார். பிறகு சனமும் அப்படியே செய்யத் தொடங்கிற்று. எங்கள் ஊரில் இந்தப் பக்கம் ஒரு கமாலியேல் வந்தால் நல்லது. எட்டுக்கு ஒரு செலவு, 31ஆம் நாளுக்கு ஒரு செலவு, பனர், கல்வெட்டுப் புத்தகம், வெளிநாட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்கு லைவ் வீடியோ. செத்தவருக்கு மருந்து வாங்கக் காசில்லாத வீட்டில் தோடு அடகுக்குப் போகும்.

இப்படியே எழுதிக்கொண்டு போனால், எல்லாக் கட்டளைக்கும் ஒரு இரக்கமான காரணம் இருக்கிறது என்று நினைத்துவிடுவீர்கள். இல்லை. எண்ணாகமத்தில் சிவப்புக் கிடாரிச் சடங்கு வருகிறது. அந்தக் கிடாரியை எரித்த சாம்பல் கலந்த தண்ணீர், பிணத் தீட்டுப் பட்டவனைச் சுத்தமாக்கும். அதைத் தயாரித்தவனோ தீட்டாகிவிடுவான். இது மந்திரவாதம் மாதிரி இருக்கிறதே என்று ஒரு அந்நியன் யோஹனான் பென் ஸக்காய் என்ற ரபியிடம் கேட்டான். பேய் பிடித்தவனுக்கு உங்கள் ஊரில் புகை போடுவதில்லையா, அது போலத்தான் என்று சொல்லி அனுப்பினார். சீடர்கள் விடவில்லை. அவனுக்குச் சொன்னது சரி, எங்களுக்கு என்ன சொல்கிறீர்கள்? பிணம் தீட்டாக்குவதும் இல்லை, தண்ணீர் சுத்தமாக்குவதும் இல்லை, இது கட்டளை, கேள்வி கேட்க இடமில்லை என்றார்.

வைகாசியில் தம்பிலுவில் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்து குளுத்திச் சடங்கு முடியும்வரை, அம்மம்மா வீட்டில் எண்ணெய்த் தாச்சி அடுப்பில் ஏறாது. மீன் படலைக்குள் வராது. ஏன் என்று கேட்டால், ‘கேக்காத புள்ள, செய்யிறதைச் செய்’ என்பா. நான் அதை மூடநம்பிக்கை என்று சொல்லித் திரிந்த வயதும் ஒன்று இருந்தது, இப்போது அப்படிச் சொல்லமாட்டேன். ஊரே சேர்ந்து அந்த நாட்களில் ஒரே பச்சைக்கறியைத் தின்கிறது. போடியார் வீட்டிலும் பொரியல் வாசம் வராது.

காரணத்தைத் தேடினவர்கள் வரம்பு கட்டவும் தெரிந்தவர்கள். யூத வீட்டு நிலையில் வலப்பக்கம் ஒரு சின்னக் கூடு அடித்திருக்கும், மெஸூஸா. எங்கள் அச்சரக்கூடு மாதிரித்தான் பார்வைக்கு. உள்ளே தோல்சுருளில் உபாகம வசனங்கள் கையால் எழுதியிருக்கும். இதற்குள் தேவதூதர் பெயர்களையும் சேர்த்து எழுதிக் காவல் தகடாக்குகிறவர்களை மைமோனிடிஸ் மூடர் என்று ஏசுகிறார். கடவுள் ஒருவரே என்ற பெரிய விசயத்தைத் தங்கள் சொந்த நன்மைக்கான தாயத்து ஆக்குகிறார்களே என்று அவருக்குக் கோபம். அந்தக் கூட்டை எப்படி அடிப்பது என்பதிலும் சண்டை. பெரிய உரையாசிரியர் ராஷி நேராக நிறுத்து என்றார். அவருடைய பேரன் ரபேனு தாம் கிடையாகப் படுக்கவை என்றார். ஐரோப்பிய யூதர்கள் இருவர் மனமும் நோகாமல் சாய்வாக அடித்துவிட்டார்கள். இன்றைக்கும் அது சாய்வாகத்தான் இருக்கிறது.

இதையெல்லாம் மில்லில் சாப்பாட்டு நேரத்தில் காக்காவிடம் சொல்லுவேன். முஸ்லிம் அண்ணர்மாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவது. தராசுக்குப் பொறுப்பானவர், என்னை விட மூத்தவர், நல்ல வாசிப்பு. அறுப்பு முறையையும் இரத்த விலக்கையும் சொன்னபோது, ‘இது எங்கட மாதிரித்தானே’ என்று சந்தோசப்பட்டார். ஒட்டகம் அவர்களுக்கு ஆகாது என்றதும், அப்படியென்றால் அவர்களுக்கு நட்டம்தான் என்றார். பிறகு ஒரு நாள் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு, ‘காசாவில அந்தப் பாடு நடக்குது, நீ அவங்கட புத்தகத்தைப் புகழுறாய்’ என்றார். நியாயமான கேள்வி. 2024 ஒக்டோபரில் அமெரிக்கத் தூதரகம் அறுகம்பேக்குப் போகாதே என்று எச்சரிக்கை விட்டு, வீதிக்கு வீதி பொலிஸ் நின்றதிலிருந்து, எங்கள் பக்கத்தில் இந்தப் பேச்சை எடுப்பதே கரைச்சல்.

நான் சொன்னது, அந்நியனை ஒடுக்காதே என்று தோரா 36 இடத்தில் எச்சரிக்கிறது, சிலர் கணக்கில் 46 இடம் என்று தல்மூதிலேயே எண்ணி வைத்திருக்கிறார்கள். நீயும் எகிப்தில் அந்நியனாக இருந்தாய் என்பது காரணம். பூமியை ஆளுகிற எவரையும் அந்த 36ஐ வைத்துக் கேள்வி கேட்கலாம், தங்கள் ஆட்களை முதலில் கேட்கவேண்டும். ஆமோஸ் தீர்க்கதரிசி அதைத்தான் செய்தார். உங்கள் பண்டிகைகளை வெறுக்கிறேன், பாட்டுச் சத்தத்தை அப்பால் கொண்டு போ, நீதி தண்ணீராக ஓடட்டும் என்று கடவுள் சொல்வதாகத் தன் சனத்துக்கே சொன்னார். ‘அப்ப அதை அவங்களுக்கு வாசிச்சுக் காட்டச் சொல்லு’ என்றார் காக்கா. வாசித்துக் காட்டிச் சண்டை பிடிக்கிற யூதர்களும் இருக்கிறார்கள் என்றேன். அவருக்குத் திருப்தியில்லை. எனக்கும் அதற்கு மேல் சொல்ல இருக்கவில்லை, இரண்டு பேரும் கை கழுவினோம்.

ஆனால் கடன் சங்கதி சொன்னபோது காக்கா நிமிர்ந்து இருந்தார். ஏழாம் வருடம் நிலத்துக்கு ஓய்வு, அந்த வருட முடிவில் கடனும் தள்ளுபடி என்பது தோரா. வருடம் கிட்டக் கிட்ட, காசுள்ளவர்கள் ஏழைக்குக் கடன் கொடுக்காமல் கையை இறுக்கிவிட்டார்கள். ஏழைக்காக வந்த சட்டம் ஏழையின் கழுத்தைப் பிடித்தது. ஹில்லேல் ஒரு பத்திரம் கண்டுபிடித்தார்: கடனை நீதிமன்றத்திடம் ஒப்படைத்துவிட்டால் அது தள்ளுபடியாகாது. சட்டத்தில் ஓட்டை போட்டுவிட்டார் என்று சிலர் ஹில்லேலைக் குறை சொல்வார்கள். விதைநெல்லுக்கும் உரத்துக்கும் முற்பணம் கொடுத்து வெட்டில் கழிக்கிற கணக்குப் புத்தகத்தை வைத்திருக்கிறவள் நான். கடன் கிடைக்காத போகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஹில்லேல் செய்தது சரி.

‘எங்கட முதலாளிக்கு ஏழாம் வருசத்துக் கதையை மட்டும் சொல்லிப்போடாத’ என்றார் காக்கா. அப்புறம் தராசு பற்றி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது. மிஷ்னாவில், கடைக்காரன் அளவைகளை வாரத்துக்கு இரண்டு தரம் சுத்தம் செய்யவேண்டும், படிக்கற்களை வாரத்துக்கு ஒரு தரம், தராசை ஒவ்வொரு நிறுவைக்குப் பிறகும் துடைக்கவேண்டும். ஒட்டியிருக்கிற பசையும் தூசியும் வாங்குகிறவனுடைய பணத்தில் நிற்கக்கூடாது. காக்கா உடனே குர்ஆனின் 83ஆவது அத்தியாயத்தை எடுத்தார், அளவில் குறைக்கிறவர்களுக்குக் கேடுதான் என்று அது தொடங்குகிறது. கொஞ்ச நேரம் இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக் கதைத்தோம். ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று மூட்டைக்கு மூட்டை கண்ணை மூடிக்கொண்டு கழிப்பது எங்கள் தொழிலில் வழக்கம், கமக்காரன் கேட்டாலும் பதில் வராது.

‘தராசைத் துடைக்கிறது பெரிய வேலையில்ல புள்ள’ என்றார் காக்கா, சாரத்தை உதறிக்கொண்டு எழும்பி. ‘மறுகா அந்தக் கழிக்கிற கிலோவ எந்தச் சீலத்துண்டால துடைக்கிற?’